சுண்ணாகம் கிணறுகள்: எண்ணெயின் தடத்தை எப்படித் தேடுவது?

"எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ, இல்லையோ?" சுண்ணாகம், மல்லாகம், ஏழாலைப் பக்கம் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. நிலத்தடி நீர் தொடர்பான வேலை செய்பவன் என்பதால் ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். ஒரு போத்தல் தண்ணீரைச் சோதித்துவிட்டு அப்படிப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதையும், பின் எப்படித்தான் கண்டறிவது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். போரினால் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டபோது, எண்ணெயில் இயங்கும் மின்பிறப்பாக்கிகளே வெளிச்சம் தந்தன. அவை நின்ற முக்கிய இடம் சுண்ணாகம். நமது நன்னீர் வில்லையின் நல்ல பகுதிக்கு மேலேயே எண்ணெய்த் தாங்கிகளும் கழிவு எண்ணெயும் இருந்தன.

இப்படியான இடத்தில் ஆய்வு மண்வெட்டியோடு தொடங்குவதில்லை, கடதாசியோடு தொடங்கும். தாங்கி எங்கே நின்றது, கழிவு எந்தக் குழிக்குப் போனது, எந்த ஆண்டில் யார் நடத்தினார்கள் என்று முதலில் தேட வேண்டும். நமக்கு இதுவே பெரிய சிக்கல். 1990 இல் வலிகாமம் வடக்கும் 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தன. ஆவணங்கள் போயின, பார்த்தவர்களும் சிதறிப் போனார்கள். ஆகவே அங்கு வேலை செய்த ஒரு முதியவரின் நினைவு கூட ஆய்வுக்குத் தரவுதான். அதை வாய்ப்பேச்சு என்று ஒதுக்கும் நிபுணரை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது மண். சிந்திய எண்ணெய் மண்ணில் ஒரு பகுதியை ஒட்டவிட்டு மிச்சத்தோடு கீழே இறங்கும். நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட இலேசானது என்பதால் மேலே மிதந்து பரவும். மாரியில் நீர்மட்டம் ஏற எண்ணெயும் ஏறும். கோடையில் இரண்டும் இறங்க, நடுவிலுள்ள கல்லெல்லாம் எண்ணெய் பூசப்பட்டு நிற்கும். அடுத்த மாரியில் அந்தப் பூச்சிலிருந்து மறுபடி கசியும். அதனால் ஆவணியில் சுத்தமாகத் தெரிந்த கிணற்றில் மார்கழியில் படலம் தெரியலாம். ஒரு பருவத்தில் மட்டும் எடுத்த மாதிரியை வைத்து "மாசு இல்லை" என்பது அவசரம்.

நமது சுண்ணக்கல் இன்னொரு தொல்லை. மணலில் தண்ணீர் ஓரளவு சீராக நகரும். இங்கே வெடிப்புகளும் குகைகளும் உண்டு. நிலாவரையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மின் நிலைய மதிலுக்கு அருகிலுள்ள கிணறு தப்ப, தூரத்துக் கிணறு எண்ணெயாக இருக்கலாம். ஆகவே வரைபடத்தில் வட்டம் கீறினால் போதாது. பல கிணறுகளில் ஒரே நாளில் நீர்மட்டத்தை அளந்து, தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஏறத்தாழ 150 கிணறுகளைச் சோதித்தபோது, அவற்றில் முக்கால்வாசியில் எண்ணெய், கிறீஸ் அளவு கூடுதலாக இருந்தது. 2015 இல் வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான நச்சுப் பொருட்கள் இல்லை என்ற பொருளில் சொன்னது. "யார் பொய் சொல்கிறார்கள்?" என்று சனம் கேட்டதில் பிழையில்லை. ஆனால் இரண்டும் வெவ்வேறு அளவீடுகள். முதலாவது, தண்ணீரிலுள்ள எண்ணெய்த் தன்மையான பொருட்களை மொத்தமாக அளப்பது. சமையல் எண்ணெயும் அதில் சேரலாம். மற்றது பென்சீன், தொலுயீன் போன்ற குறிப்பிட்ட சேர்மங்களைத் தேடுவது. அவை இலகுவில் ஆவியாகிப் போகும். பாரமான எரிபொருளில் அவை குறைவு. பழைய கசிவில் இன்னும் குறைவு. அவை அகப்படவில்லை என்பதால் எண்ணெயே இல்லை என்றாகாது. எண்ணெய் இருப்பதால் எல்லோருக்கும் நோய் வரும் என்றும் ஆகாது. இந்த வேறுபாட்டை அன்றே மக்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் பாதி அவநம்பிக்கை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எந்த எண்ணெய் என்பதை வாயு நிறப்பகுப்பு மூலம் பார்க்கலாம். எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் கைரேகை போல ஒரு கோலம் உண்டு. இது ஏன் தேவை? போர்க்காலத்தில் தோட்டக் கிணறுகளில் மண்ணெண்ணெய் மெசினால் இறைத்தோம். அதன் கசிவும் கிணற்றுக்குள் போயிருக்கலாம். பொறுப்பாளி யார் என்று கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் சொல்லக்கூடியதும் அதுதான்.

உங்கள் கிணற்றில் மாதிரி எடுக்க யாராவது வந்தால் கவனியுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டும். பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். மேற்படலத்தையும் ஆழத்து நீரையும் தனித்தனியே எடுக்க வேண்டும். மேல்தாங்கிக் குழாயில் பிடித்த தண்ணீர் கிணற்றின் நிலையைச் சொல்லாது. போத்தலில் திகதி, நேரம், கிணற்றின் அடையாளம் எழுதப்பட்டு, ஐஸ்பெட்டியில் போக வேண்டும். முடிவின் பிரதியைக் கேளுங்கள். அதில் எதை அளந்தார்கள், எவ்வளவு நுணுக்கமாக அளக்க முடிந்தது என்றும் இருக்க வேண்டும். நைட்ரேற்றையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். உரமும் மலசலகூடக் குழியும் தரும் அந்த மாசு, எண்ணெய்க்கு முன்பிருந்தே வலிகாமத்தில் உள்ளது. அதற்கு நிறமோ மணமோ இல்லை.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், தனியார் மின் நிலையத்தின் செயற்பாட்டால் நிலமும் நிலத்தடி நீரும் மாசடைந்ததாகத் தீர்ப்பளித்து, அந்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா. அந்தப் பணத்தில் ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். சுண்ணக்கல் வெடிப்பில் ஒட்டியிருப்பது அப்படிப் போகாது. ஆகவே அதே கிணறுகளை ஆண்டுக்கு இரு தடவை, கோடைக் கடைசியிலும் மாரி முடிவிலும், பல ஆண்டுகள் அளந்து, எண்களைப் பிரதேச சபை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். முதலில் கேட்ட கேள்விக்கு அந்த எண்களை வைத்துத்தான் ஒவ்வொரு கிணறாகப் பதில் சொல்லலாம்.