பின் சக்கரங்களையும் கொஞ்சம் கவனியுங்கள்!



வீல் அலைன்மென்ட் என்றதும் நம்மில் பலருக்கு முன் சக்கரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கேஸ்டர், கேம்பர், கிங்பின் இன்க்ளினேஷன், டோ-இன் என்று தேர்வில் நாம் எழுதுகிற விடை முன் ஆக்சிலோடு முடிந்துவிடுகிறது. பின் சக்கரமா? "அது சும்மா கூட வர்றதுதானே" என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் இதைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது என் அப்பாவும் இதையேதான் கேட்டார்: "ஏம்ப்பா, திரும்பாத சக்கரத்துல திருத்துறதுக்கு என்ன இருக்கு?" அப்பா பாலிடெக்னிக் பக்கம் போனவர் இல்லை. ஆனால் கேட்டது சரியான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஹாட் ஹேட்ச் என்னும் குட்டிப் புயல்

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் ஐரோப்பாவின் 'ஹாட் ஹேட்ச்' கார்கள். சாதாரண குடும்பக் காரின் உடம்பு, அதற்குள் சக்தி மிகுந்த இன்ஜின், அவ்வளவுதான். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1975-ல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டி, 1976-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்ஃப் ஜிடிஐ இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கார். 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். 1984-ல் பிரான்சிலிருந்து பெஜோ 205 ஜிடிஐ வந்தது.

இந்தக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர டிரைவ். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருப்பதால் எடையில் சுமார் 60 சதவீதம் முன் சக்கரங்கள் மேல். அந்த இரண்டு டயர்தான் வண்டியை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக்கிலும் பெரும்பங்கு சுமக்க வேண்டும். வளைவில் வேகமாகப் போனால் பாவம், முன் டயர்தான் முதலில் தோற்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளைவின் வெளிப்பக்கமாகவே நழுவும். இதுதான் அண்டர்ஸ்டியர்.

இதற்கு நேர்மாறானது ஓவர்ஸ்டியர், அதாவது பின்பக்கம் வழுக்கி வெளியே வீசுவது. 205 ஜிடிஐ இதற்குப் பேர் போனது. வளைவின் நடுவில் டிரைவர் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்பக்கம் பாயும். பின் டயர்கள் மேல் பாரம் குறையும், பிடிப்பும் குறையும், பின்பக்கம் சுழலும். ஆக, முன் சக்கரம் வண்டியைத் திருப்புகிறது என்றால், அந்தத் திருப்பத்தில் வண்டி நிலையாக நிற்குமா சுழலுமா என்பதில் பின் சக்கரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மூன்று கோணங்கள்

பின் சக்கரத்தில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று.

டோ: மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன் ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். இடது பக்கம் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாரம் முழுக்க வலது பின் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதற்கு டோ-இன் இருந்தால் அது இடது பக்கம், அதாவது வளைவின் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் வெளியே நழுவாமல் உள்ளே தள்ளிப் பிடிக்கும். டோ-அவுட் இருந்தாலோ, அதே சக்கரம் வெளியே பார்த்து, பின்பக்கத்தை வெளியே இழுக்கும். அதனால்தான் கம்பெனியிலிருந்து வரும்போதே பின் சக்கரங்களுக்குக் கொஞ்சம் டோ-இன் வைத்து அனுப்புகிறார்கள்.

கேம்பர்: முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாயப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால் அந்த நேரத்தில் டயர் தரையில் தட்டையாகப் பதியும். பல ஹாட் ஹேட்ச்களில் பின் கேம்பர் மைனஸ் 1 டிகிரியிலிருந்து மைனஸ் ஒன்றரை டிகிரிக்குள் இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் டயரின் உள் ஓரம் தேயும், நேராகப் போகும்போது பிரேக் பிடிப்பும் குறையும்.

திரஸ்ட் கோணம்: இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்து வண்டியை எந்தத் திசையில் தள்ளப் பார்க்கின்றன என்பது. இடது பின் சக்கரத்துக்கு டோ-இன் 20 மினிட், வலதுக்கு 0 என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 10 மினிட் வலப்பக்கமாகத் திரஸ்ட் கோடு திரும்பியிருக்கிறது (60 மினிட் = 1 டிகிரி). நேராகப் போக வேண்டுமானால் முன் சக்கரங்களையும் அதே அளவு வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி சற்றுப் பக்கவாட்டாகவே ஓடும். முன் அலைன்மென்டை மட்டும் பத்து தடவை பார்த்தாலும் மூல காரணம் போகாது.

சின்ன கணக்கு

"மினிட் கணக்குல இருக்கிற கோணம் என்ன பண்ணிடப் போகுது?" என்று தோன்றலாம். போட்டுப் பார்ப்போம். 10 மினிட் என்பது 0.167 டிகிரி. அதன் டேன்ஜென்ட் 0.0029. 17 அங்குல ரிம்மின் விட்டம் சுமார் 432 மில்லிமீட்டர். ஆக, ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் வித்தியாசம் 1.25 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் நேராக ஓடினால், 1000 மீட்டரை 0.0029-ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 3 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போவதற்குச் சமம். நூறு கிலோமீட்டருக்கு 300 மீட்டர்! கொஞ்சம் டோ-இன் நிலைத்தன்மைக்காக நாம் கொடுக்கும் விலை. தேவைக்கு மேல் இருந்தால் அது டயர்க்காரருக்குக் கொடுக்கும் விலை.

எங்கே திருகுவது?

1998-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸ், சாதாரண விலைக் காருக்கு மல்டி-லிங்க் பின் சஸ்பென்ஷன் கொடுத்துப் பெயர் வாங்கியது. 2003-ல் வந்த ஐந்தாம் தலைமுறை கோல்ஃபும் அதே வழிக்கு வந்தது. கோல்ஃபில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒரு நீள ஆர்ம், மேல் குறுக்கு ஆர்ம், ஸ்பிரிங் உட்காரும் கீழ்க் குறுக்கு ஆர்ம், ஒரு டை ராட் என நான்கு இணைப்புகள். மேல் குறுக்கு ஆர்ம் சப்ஃபிரேமில் சேரும் இடத்தில் ஒரு எக்சென்ட்ரிக் போல்ட் இருக்கிறது. அதைத் திருப்பினால் கேம்பர் மாறும். கீழ்க் குறுக்கு ஆர்மின் உள்முனையில் இருக்கும் எக்சென்ட்ரிக் போல்ட்டைத் திருப்பினால் டோ மாறும்.

வரிசை மிக முக்கியம்:

1. முதலில் டயர் காற்று, வீல் பேரிங் ஆட்டம், ரப்பர் புஷ் தேய்மானம், வண்டியின் உயரம் இவற்றைப் பார்க்க வேண்டும். புஷ் போன வண்டியில் அலைன்மென்ட் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.
2. பின் கேம்பர். இதை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் இதுதான் முதலில்.
3. பின் டோ. இரண்டு பக்கமும் சமமாக, திரஸ்ட் கோணம் பூஜ்யத்துக்கு அருகில் வரும்படி.
4. கடைசியாகத்தான் முன் சக்கரங்கள், ஸ்டியரிங்கை நேராக வைத்து.

போல்ட்டை இறுக்கும்போது வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்திலேயே சஸ்பென்ஷன் இருக்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவதால் இந்த போல்ட்கள் துருப்பிடித்து இறுகிவிடுவதும் உண்டு.

கையாளுதல் கூர்மையாக வேண்டும் என்பவர்கள் என்ன செய்கிறார்கள்? முன் சக்கரத்தின் நெகட்டிவ் கேம்பரைக் கூட்டி, பின் கேம்பரைச் சற்றுக் குறைத்து, பின் டோ-இன்னை ஒவ்வொரு சக்கரத்துக்கும் 10 மினிட் இருந்தால் 5 மினிட் ஆக்குகிறார்கள். பின்பக்கத்தின் பிடிவாதம் குறைந்து, வண்டி வளைவுக்குள் சுலபமாகத் திரும்பும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் சின்னதாக. மூடிய டிராக்கில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தியவர்கள் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். தாழ்த்தினால் பின் கேம்பர் இன்னும் நெகட்டிவ் ஆகும், டோவும் இடம் மாறும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பின் டோ-அவுட் போட்டிக்காரர்களின் சமாச்சாரம். மழை ரோட்டில், எதிரே லாரி வரும் வளைவில், டிரைவர் சட்டென்று ஆக்சிலரேட்டரை விடும் நொடியில் அது உயிரோடு விளையாடுவது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் எல்லைக்குள்தான் நம் விளையாட்டு.

மெஷின் இல்லையா? நூல் இருக்கிறதே!

கம்ப்யூட்டர் மெஷின் இல்லாவிட்டாலும் தத்துவம் மாறாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஹப் உயரத்தில் நீளமாக நூல் கட்டுங்கள். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாகவும், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்திலும் இருக்க வேண்டும். முன் டிராக்கும் பின் டிராக்கும் ஒரே அகலம் இருக்காது என்பதால், ஹப் மையத்திலிருந்து நூல் வரை உள்ள தூரம் இடது வலது சமமா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு ரிம்மின் முன் ஓரத்திலிருந்தும் பின் ஓரத்திலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை அளந்தால் டோ கிடைக்கும். முன் ஓரத்தில் தூரம் அதிகம் என்றால் டோ-இன்.

கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ரிம்மின் பக்கத்தில் தொங்கவிட்டு, மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் வித்தியாசம் பாருங்கள். 17 அங்குல ரிம்மில் 7.5 மில்லிமீட்டர் என்றால் 1 டிகிரி. ஆட்டோமொபைல் லேபில் ஒரு மதிய நேரத்தில் செய்து பார்க்கலாம்.

நம் ஊர் வண்டிகளில்?

நாம் வேலைக்குப் போனால் கைக்கு வரப்போவது பெரும்பாலும் ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்ற கார்கள். இவற்றின் பின்பக்கம் இருப்பது ட்விஸ்ட் பீம், அதாவது இரண்டு நீள ஆர்ம்களை முறுக்கு தாங்கும் ஒரு குறுக்குப் பட்டை இணைத்திருக்கும். முதல் நான்கு தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயும் இந்த வகைதான். இதில் திருப்புவதற்கு எக்சென்ட்ரிக் போல்ட் கிடையாது. ஸ்டப் ஆக்சில் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்ட வகையாக இருந்தால், அதற்கும் பீமுக்கும் நடுவே சரிவான ஷிம் வைத்துச் சிறிய அளவு திருத்தலாம், அவ்வளவே.

நான் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு பட்டறையில் அலைன்மென்ட் அறிக்கையில் பின் சக்கர அளவு சிவப்பில் வந்தால், "அது அட்ஜஸ்ட் ஆகாது, விடு தம்பி" என்பார்கள். வாடிக்கையாளரிடம் முன் சக்கரம் பச்சையில் வந்ததை மட்டும் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். திருத்த முடியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் புதிதாக வரும்போது எல்லைக்குள் இருந்த அளவு இப்போது ஏன் வெளியே போனது? பள்ளத்தில் விழுந்து பீம் வளைந்திருக்கலாம். ஸ்டப் ஆக்சில் வளைந்திருக்கலாம். புஷ் கிழிந்திருக்கலாம். பேரிங் போயிருக்கலாம். சிவப்பு எண் என்பது "என்னைத் திருப்பு" என்று சொல்வதல்ல, "என்னைப் பார்" என்று சொல்வது. பீமைச் சோதிக்காமல் அந்த வண்டியை அனுப்பினால், பின் சீட்டில் பிள்ளைகளோடு மழையில் போகிறவருக்கு, தன் வண்டியின் எந்தப் பக்கம் முதலில் நழுவும் என்பதுகூடத் தெரியாது.

நண்பர்களே, நாளைக்கு நம் கையெழுத்து அந்த அறிக்கையின் அடியில் இருக்கும். திருத்த முடிந்ததைத் திருத்துவோம். முடியாததை வாடிக்கையாளருக்குப் புரியும்படி வாய்விட்டுச் சொல்வோம். அடுத்த முறை லேபில் அலைன்மென்ட் எடுக்கும்போது நான்கு சக்கரத்தின் அளவையும் ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள். பின் சக்கரத்திலிருந்தே ஆரம்பியுங்கள்!