பல்கனியில் ஒரு பாலைநிலம்

மே மாதம் 25 ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமை கனடாவில் விக்ரோறியா தின விடுமுறை. அந்த நீண்ட வார இறுதி கழிந்த பின்னர் உறைபனி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பது ரொறன்ரோ நகரத்தாரின் நெடுநாள் அனுபவம். ஆதலால் குளிர்காலம் முழுவதும் யன்னலோரத்தில் அடைபட்டுக் கிடந்த செடிகள் யாவும் அன்று பல்கனிக்கு வருகின்றன. ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகளை அண்ணாந்து பார்த்தால், எம்மவர் வீடு எதுவென்பதைக் கறிவேப்பிலைச் சாடியே காட்டிக் கொடுத்துவிடும். இப்பொழுது அச்சாடிக்கு மேலே, கொக்கியிற் கட்டிய தொட்டிகளிலிருந்து விழுதுகள்போல் இறங்கும் சதைப்பற்றுச் செடிகளையும் காண்கின்றோம்.

இச்செடிகளை நாம் கவனிக்கத் தொடங்கியது ஓர் அம்மையாரின் துயரத்தினால். மகன் அழைத்து, வடமராட்சியிலிருந்து வந்து பதினான்காவது மாடியிற் குடியிருப்பவர் அவர். பகலில் வீட்டில் எவரும் இல்லை. பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மூன்று தொங்குசாடிகளே அவருக்குத் துணை. ஊரிற் கிணற்றடியில் நின்று வாழைக்கும் கத்தரிக்கும் காலையும் மாலையும் நீர் வார்த்த அதே ஒழுங்கிற் சாடிகளுக்கும் வார்த்தார். ஆடி மாதம் முடியுமுன் மூன்றும் அழுகிவிட்டன. தண்ணீர் மிகுந்துவிட்டது என நாம் கூறியபொழுது, "தண்ணி விடாமல் என்னண்டு தம்பி மரம் நிக்கும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. விடை சொல்வதற்கு நாமும் சிறிது படிக்க வேண்டியதாயிற்று.

படித்தபொழுது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கே செல்ல நேர்ந்தது. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் மதப்பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியிற் தாவரவியலாளராகப் பணியாற்றியவர். இலை ஓரத்திற் குட்டி போடும் ரணகள்ளியின் இலையை அவர் வாயிலிட்டுப் பார்த்தார். விடியற்காலையிற் கடும் புளிப்பு. நண்பகலிற் சுவையே இல்லை. மாலையிற் சிறு கசப்பு. இதனை அவர் 1813 இல் லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். (வாசகர்கள் இதனைப் பரீட்சிக்க வேண்டாம், அச்செடியில் நஞ்சு உண்டு.) ஏனைய செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்குகின்றன, அவ்வேளையில் நீரும் ஆவியாகிப் போகின்றது. இவையோ பகலிற் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவிற் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமிலவாயுவை அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றன. ஹெய்ன் சுவைத்த புளிப்பு அந்தச் சேமிப்பே. தண்ணீர்த் தாங்கியைத் தம்முடலிலேயே சுமந்து, அதனையும் சிக்கனமாகச் செலவிடும் செடிகளுக்கு நாளாந்தம் நீர் வார்த்தால், வேர் மூச்சுத் திணறி அழுகுவதைத் தவிர வேறு வழியில்லை.

உயரமான கட்டிடத்துப் பல்கனி இவற்றுக்கு உவப்பான இடம். மேல்மாடித் தளம் கூரையாக நின்று மழையைத் தடுக்கின்றது. காற்று மண்ணை விரைவில் உலர்த்துகின்றது. கத்தரிக்கும் கீரைக்கும் குறையாகத் தோன்றுபவை இங்கே நன்மையாகிவிடுகின்றன. ஆயினும் சாடியின் அடியில் துவாரம் இருத்தல் வேண்டும். வெறும் தோட்டமண் ஆகாது. சாடி மண்ணுடன் பருமணலோ பேர்லைற்றோ சரிபாதியளவிற் கலக்க வேண்டும். நீர் வார்க்கும் நாள் வந்துவிட்டதா என்பதைச் சாடியைக் கையால் தூக்கிப் பார்த்தே அறியலாம்: காய்ந்த சாடி இலேசாக இருக்கும். இலை சுருங்கினால் தாகம்; மஞ்சளாகிக் கண்ணாடிபோற் கசிந்தால் நீர் மிகுதி. தாகத்திலிருந்து செடி மீளும். அழுகலிலிருந்து மீள்வது அரிது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே சாடியைத் தொங்கவிடுவதைப் பல கட்டிட நிர்வாகங்கள் அனுமதிப்பதில்லை. அதில் நியாயம் உண்டு. நனைந்த மண் நிறைந்த சாடியொன்று பதினான்கு மாடி உயரத்திலிருந்து காற்றில் அறுந்து விழுந்தால் கீழே செல்பவர் கதி என்ன? உட்புறத்திலேயே தொங்கவிடுங்கள். கொங்கிறீற்றிற் துளையிட அனுமதி கிடையாவிடின், தரையில் நிற்கும் இரும்புத் தாங்கி போதும்.

எச்செடியை வளர்ப்பது? கடைகளில் முதலிற் கண்ணிற்படுவது 'கழுதைவால்' என ஆங்கிலத்தில் அழைக்கப்படுவது. கொழுத்த சிற்றிலைகள் பின்னலாக நெருங்கி, கயிறுபோல் நீண்டு தொங்கும். எரிக் வால்தர் என்ற தாவரவியலாளர் இதனை 1935 இல் மெக்சிக்கோவின் ஒரு சிறு நாற்றுமேடையிற் கண்டெடுத்தார். தொட்டவுடன் இலை உதிர்ந்துவிடும். நடமாடும் வழியிற் தொங்கவிடலாகாது. உதிர்ந்த இலையைச் சில நாள் உலரவிட்டு மண்ணின்மேல் வைத்தால் அதுவே புதுச்செடி. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த 'முத்துச்சரம்' பச்சைப் பட்டாணிகளை நூலிற் கோத்தாற்போல் இருக்கும். அழகு மிகுந்தது; ஆனால் தின்றால் நஞ்சு. குழந்தைகள் பட்டாணியென எண்ணி வாயிலிடக்கூடும் என்பதால், தவழும் பிள்ளை உள்ள வீட்டுக்கு நாம் இதனைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

பத்துமணிப்பூவை எம்மவர்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் விரியும் அதே பூ இங்கு கோடைகாலத்தில் மலிவாக விற்பனையாகின்றது. சாடி விளிம்பு மறைய வழிந்து தொங்கும். நடைபாதைக் கல்லிடுக்கிற் களையாக முளைக்கும் பருப்புக்கீரை இதன் நெருங்கிய உறவு.

எம் மனத்துக்கு நெருக்கமானது பிரண்டை. கிளுவை வேலியின்மேல் யாரும் நடாமலே படர்ந்து, பங்குனி வெயிலிலும் பச்சை மாறாமல் நின்ற கொடி அது. நாற்கோணத் தண்டிலே நீரைச் சேமிக்கும் பிரண்டையும் சதைப்பற்றுச் செடியே. ஊரில் மேலேறியது இங்கு தொங்குசாடியிலிருந்து கீழிறங்குகின்றது. அதற்கு இரண்டும் ஒன்றே. கணு இரண்டுள்ள துண்டை வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் நட்டால் வேர்விடும். இங்கே வீட்டுக்கு வீடு கைமாறும் துண்டே போதுமானது. ஊரிலிருந்து பயணப்பெட்டிக்குள் ஒளித்துக் கொணர்வது சட்டத்துக்கு மாறு. அதனுடன் வரும் பூச்சியும் நோயும் இந்நாட்டுப் பயிருக்குக் கேடு.

கள்ளி வகைகள் எவ்வளவு பெரிதாக வளரும் என்று பார்க்க விரும்புவோர் நகர மத்தியிலுள்ள அலன் பூங்காவுக்குச் செல்லலாம். அதன் பனைக்கூடம் 1910 இல் அமைந்தது. வரண்ட நிலச் செடிகளுக்கெனத் தனியே ஒரு கண்ணாடிக் கூடமும் அங்குண்டு. கட்டணம் இல்லை. எண்பதுகளின் இறுதியிற் சென்ற் ஜேம்ஸ் ரவுணில் வந்திறங்கிய எம்மவர்க்கு நடந்து செல்லும் தூரம்தான். வெளியிற் பனி கொட்டும்பொழுது உள்ளே கற்றாழை நிற்பதைப் பார்ப்பது ஓர் ஆறுதல்.

செப்ரெம்பரில் இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கும்பொழுது சாடிகளை உள்ளே எடுத்தல் வேண்டும். இலைமுழுதும் நீராலானவை, ஓர் இரவு உறைபனி போதும், காலையில் எஞ்சுவது கூழே. எம் முதற் சாடியை அவ்வாறே இழந்தோம். உள்ளே தெற்கு யன்னலோரத்தில் வைத்து, மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை நீர் வார்த்தாற் போதும். கணுக்களில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி தோன்றினால் மதுசாரத்தில் நனைத்த பஞ்சினாற் துடையுங்கள். மறுவருடம் வெளியே எடுக்கும்பொழுது முதல் ஒரு வாரம் நிழலில் வைக்காவிட்டால் இலை வெயிலிற் கருகிவிடும்.

அந்த அம்மையாரிடம் நீர் வார்க்க வேண்டாம் என்று சொல்வது அவரது ஒரே வேலையைப் பறிப்பதாகும் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். காலை வேளைக்கெனக் கறிவேப்பிலையையும் மிளகாயையும் அவர் பொறுப்பில் விட்டோம். கொக்கியிற் பிரண்டையும் பத்துமணிப்பூவும் ஏறின. பிரண்டைச் சாடியை இப்பொழுது தூக்கிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு வேண்டாமாம்" என்கிறார். சென்ற இலையுதிர்காலத்தில் குசினி யன்னலில் ஒரு சாடிக்கே இடமிருந்தது. பிரண்டை உள்ளே வந்தது. பத்துமணிப்பூவின் கரிய சிறு விதைகளைப் பத்திரிகைத் தாளில் மடித்து, மேலே திகதி எழுதி, சாமித்தட்டின் கீழே வைத்திருக்கிறார்.