மழைக்கு முன் வீட்டுக் கம்பி வேலியைச் சோதியுங்கள்

புரட்டாசி பிறந்ததும் கண்மாய் மடையையும் வரப்பையும் பார்த்துச் செப்பனிடுவது நம் பக்கத்து வழக்கம். வீட்டையும் கொல்லைத் தோட்டத்தையும் சுற்றி நிற்கும் கம்பி வேலியை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு முறை அடைத்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். சிவகங்கை மாவட்டம் ஒக்கூர் போன்ற ஊர்களில் முன்னர் கிளுவையும் கள்ளியும் உயிர்வேலியாக நின்றன. அவை தாமே தழைத்துத் தம்மைச் சரிசெய்துகொண்டன. இரும்பு வேலிக்கு அந்தக் குணம் கிடையாது. வீட்டுக்காரர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, காவலாள் மட்டும் காக்கும் செட்டிநாட்டு வீடுகளில் வேலியின் கதி இன்னும் மோசம்.

வேலியில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியது மின்சாரம். அண்மையில் ஒக்கூரில் ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்வையிட்டபோது, கிணற்று மோட்டாருக்குச் செல்லும் வயரை வேலிக் கம்பியோடு சேர்த்து நெடுகக் கட்டியிருந்தார்கள். வெயிலில் ரப்பர் உறை வெடித்து, ஓரிடத்தில் செம்பு தெரிந்தது. வேலிக்கு மறுபுறம் ஆடு கட்டியிருந்தது. அதே வேலியில் துணியும் காய்ந்தது. கோடையில் இதனால் ஒன்றும் நேராமல் போகலாம். ஐப்பசி மழையில் கம்பியும் மண்ணும் கால்களும் நனைந்திருக்கும்போது ஒரு நொடியில் உயிர் போய்விடும். கல்கால்களின் மேல் ஓடும் கம்பியில் ஆபத்து இன்னும் கூடுதல். கல் மின்சாரத்தை எளிதில் நிலத்துக்குள் விடாது. ஆகவே கசிவு கம்பி நெடுகப் பரவி நிற்கும். எங்கோ வயர் உரசினால், நூறு அடி தள்ளித் தொடுபவருக்கும் அதிர்ச்சி ஏற்படும்.

எனவே மெயினை அணைத்துவிட்டு வேலியை ஒரு சுற்று வாருங்கள். மின்வயர், குழல்விளக்கு வயர், மின்கம்பத்தின் இழுவைக் கம்பி ஆகிய எதுவும் வேலியைத் தொடக்கூடாது. இழுவைக் கம்பியோ மின்வாரிய வயரோ வேலியில் படுவதைக் கண்டால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மெயினை அணைத்தாலும் அவற்றில் மின்சாரம் இருக்கக்கூடும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவியுங்கள். மோட்டார் வயரை குழாய்க்குள் புதைத்துக் கொண்டுசெல்வதே முறை. வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பான் பொருத்துதல் அவசியம். ஒரு வேட்டி சட்டை விலைக்கு மேல் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். வேலியில் டெஸ்டரை வைத்து விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

காட்டுப்பன்றிக்கு அஞ்சி வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவோரும் உண்டு. இது சட்டப்படி குற்றம். பன்றி வராத இரவில் பக்கத்துத் தோட்டக்காரர் வருவார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மடிந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. சூரிய மின்வேலி வேறு வகை. தரமான கருவியாயின் நொடிக்கு ஒரு முறை அளவில் மிகக் குறுகிய துடிப்பாகவே மின்சாரம் வரும், மிரட்டும், கொல்லாது. அதையும் விதிப்படியே அமைக்க வேண்டும்.

இனித் துருவுக்கு வருவோம். கம்பியின் வெள்ளிப் பளபளப்பு துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள பூச்சு அந்த இடத்தையும் காக்கும். இந்த அரிமானத்தை ஆராயும் நிறுவனம் நமக்கு அருகே காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. கடலோர மண்டபத்திலும் அதற்குச் சோதனை நிலையம் உண்டு. உப்புக் காற்றில் இரும்பு உள்நாட்டைவிடப் பல மடங்கு விரைவில் அரிபடும். ஒக்கூர் கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை குறைவு. இங்கே வேலியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் வேலியோரம் போட்டுவைக்கும் பொருள்களே: அடுப்புச் சாம்பல், சாணக் குப்பை, ஆட்டு மூத்திரம், பொட்டாஷ் உரச் சாக்கு. பொட்டாஷில் உள்ள குளோரைடு, கடல் உப்பு செய்யும் வேலையையே செய்யும். படரும் கொடிகளும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பிரண்டை துவையலுக்கு ஆகும், வேலிக்கு ஆகாது.

இரும்புத் தூண் நடுவில் கெடுவதில்லை, மண்மட்டத்தில்தான் கெடும். ஈரமும் காற்றும் கூடும் இடம் அதுவே. அடிமண்ணை நான்கு விரல் ஆழம் விலக்கி, திருப்புளியால் குத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் தூணை மாற்ற வேண்டும். மேலே வர்ணம் அடித்துப் பயனில்லை. உறுதியாக இருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டிப் பூச்சு கொடுத்து, காங்கிரீட் அடியை மண்ணுக்குச் சற்று மேலே கூம்பாக உயர்த்திவிடுங்கள். தண்ணீர் தேங்காது வழிந்துவிடும்.

தொய்ந்த கம்பியை இழுக்க நேரம் பார்க்க வேண்டும். 100 மீட்டர் இரும்புக் கம்பி 20 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளும். சித்திரை நண்பகலில் விண்ணென்று இழுத்துக் கட்டினால், மார்கழி விடியலில் அதே கம்பி சுருங்கி மூலைத் தூணைச் சாய்த்துவிடும். மிதமான வெயிலுள்ள காலை வேளையே ஏற்றது. மூலைத் தூணுக்கு இரு திசையிலும் முட்டுக்கால் இல்லையெனில் முதலில் அதைக் கொடுத்துவிட்டு இழுக்கவும். முள்கம்பி வேலையில் தோல் கையுறை கட்டாயம். கீறிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

பற்றவைத்த இடங்களில் சூட்டினால் துத்தநாகம் எரிந்துபோகிறது. ஆகவே துரு அங்கிருந்துதான் தொடங்கும். கசடைத் தட்டி நீக்கி, துத்தநாகத் தூள் மிகுந்த பிரைமர் பூச வேண்டும். பூச்சுள்ள இரும்பைப் பற்றவைக்கும் வெண்புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் போல் வரும். காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள். புதிய பளபளப்பான தூணில் சாதாரண எனாமல் ஒட்டாது. ஓரிரு ஆண்டில் தோலாக உரிந்துவிடும். துத்தநாகத்துக்கென்றே உள்ள பிரைமரைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

புதுக் கம்பி வாங்குவோர் கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவில் கொள்ளவும். 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் 2.03 மில்லிமீட்டர். எடைக்கு விற்பதால் மெல்லிய கம்பியில் நீளம் கூடுதலாகக் கிடைக்கும். மலிவு போலத் தோன்றும். இரண்டுக்கும் பூச்சு ஒரே கனமாக இருந்தாலும், பூச்சு தீர்ந்தபின் மெல்லியதே முதலில் அறும். வாங்கிய சுருளை ஈரத்தரையில் போட்டுவைத்தால் வெண்துரு பூத்துப் பூச்சு வீணாகும். கட்டையின் மேல் அடுக்கி, மழைக்கு முன் அடித்துவிடுங்கள்.