தலையில் தும்பை... வாசலில் வேம்பு!



பள்ளிக்குப் போகும் வழியில், வேலி ஓரத்தில் வளர்ந்திருக்கும் செடிகளை என்றாவது நின்று பார்த்தது உண்டா? "அதெல்லாம் வெறும் களைதானே ஐயா!" என்று சொல்வீர்கள். அந்தச் செடிகளில் சில, ஒரு காலத்தில் பேசின தெரியுமா? ஒரு பூவைத் தலையில் சூடினால் போதும். பார்க்கிறவர்களுக்குச் செய்தி புரிந்துவிடும். சில செடிகளின் கதையை இன்று பார்ப்போமா?

தும்பை: நேருக்கு நேர்!

மழை பெய்து ஓய்ந்ததும் தரிசு நிலத்தில் தும்பைச் செடி முளைத்திருக்கும். முழங்கால் உயரம்தான் இருக்கும். பூவோ சின்னஞ்சிறியது, பால் போல் வெள்ளை. நன்றாக வெளுத்த வேட்டியைப் பார்த்து, "தும்பைப் பூ மாதிரி இருக்கிறதே!" என்று தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இந்தச் சாதுவான பூவுக்குப் பழந்தமிழர் வைத்த பொருள் என்ன தெரியுமா? போர்! இரண்டு அரசர்கள் களத்தில் நேருக்கு நேர் மோதும்போது, வீரர்கள் தும்பைப் பூவைச் சூடுவார்கள். அந்தப் போருக்கே 'தும்பை' என்றுதான் பெயர். வெற்றி பெற்றவர் சூடுவது வாகைப் பூ. இன்றும் விளையாட்டுச் செய்திகளில் 'இந்திய அணி வாகை சூடியது' என்று படிக்கிறோமே, அது இப்படி வந்ததுதான்!

நொச்சி: காவல்காரச் செடி

விரல்களை விரித்த மாதிரி இலை, நீல நிறப் பூங்கொத்து, கசப்பு வாசனை... இதுதான் நொச்சி. சளி பிடித்தால் பாட்டி இதன் இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொல்வார். மாலையில் இலையைப் புகை போட்டால் கொசு ஓடிவிடும். தானியத்தில் பூச்சி வராமலிருக்க, குதிருக்குள் நொச்சி இலையைப் போட்டு வைப்பதும் உண்டு.

அந்தக் காலத்தில் எதிரி கோட்டையைச் சுற்றி வளைத்தால், உள்ளே இருந்து கோட்டையைக் காக்கும் வீரர்கள் சூடிய பூவும் நொச்சிதான். அன்று கோட்டைக்குக் காவல். இன்று வீட்டுக்குக் காவல்!

புறநானூற்றில் இதைப் பற்றி நெஞ்சை உருக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. பெண்கள் நொச்சித் தழையை ஆடையாக அணிந்து அழகு பார்த்தார்கள். அதே நொச்சியை ஒரு வீரன் மாலையாகச் சூடிப் போருக்குப் போனான். போர்க்களத்தில் மாலை ரத்தத்தில் நனைந்து உருமாறிக் கிடந்தது. அதை இறைச்சித் துண்டு என்று நினைத்து, ஒரு பருந்து தூக்கிக்கொண்டு பறந்துவிட்டதாம். போர் எவ்வளவு கொடியது என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

வேம்பு: மூன்று செய்திகள்

சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ. இவை மூவேந்தரின் அடையாள மாலைகள்.

ஒருமுறை, உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தான். வெளியே நலங்கிள்ளி படையுடன் சூழ்ந்து நின்றான். இருவருமே சோழர்கள். புலவர் கோவூர்கிழார் அவர்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: "உன் எதிரி பனம்பூச் சூடியவன் அல்லன். வேப்பம்பூச் சூடியவனும் அல்லன். உன் கழுத்திலும் ஆத்தி மாலை. அவன் கழுத்திலும் ஆத்தி மாலை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே!" மாலையைக் காட்டியே போரின் அறியாமையைச் சொல்லிவிட்டார் பாருங்கள்!

இரண்டாவது செய்தி. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், உள்ளே யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்ததும் விருந்தாளிகள் திரும்பிவிடுவார்கள். நோய் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்க அது ஓர் அறிவிப்புப் பலகை! ஆனால் ஒன்று. பெரியம்மையை உலகை விட்டே ஒழித்தது தடுப்பூசிதான். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. ஆகவே அம்மை கண்டால் வேப்பிலையும் இருக்கட்டும். மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

மூன்றாவது செய்தி நம் காலத்தில் நடந்தது. வேப்பெண்ணெயால் பயிர்களைத் தாக்கும் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் ஒரு நிறுவனமும் சேர்ந்து 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. காப்புரிமை என்றால், அவர்களைக் கேட்காமல் வேறு யாரும் அங்கே அந்த முறையைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அர்த்தம். "இது எங்கள் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயமாயிற்றே!" என்று இந்தியாவிலிருந்து வந்தனா சிவா முதலியோர் வழக்காடினார்கள். 2000இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. நம் தாத்தா பாட்டிகள் அறிந்து வைத்திருந்ததுதான் நம் பக்கத்துச் சாட்சி!

அருகு: வேரின் பாடம்

புதுமணத் தம்பதியரை 'அருகு போல் வேரோடி வாழ்க' என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். ஏன் தெரியுமா? அருகம்புல் தரையில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். வெயிலில் காய்ந்து சருகானாலும் ஒரு மழை போதும், மறுபடி பச்சையாகிவிடும். எத்தனை முறை மிதிபட்டாலும் எழுந்துவிடும் புல் அது.

நீங்களும் செய்யலாம்!

இந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் உள்ள செடிகளின் இலைகளைப் பழைய செய்தித்தாளில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி உலர்த்துங்கள். பிறகு நோட்டில் ஒட்டுங்கள். அதன் பெயர் என்ன, பயன் என்ன, கதை என்ன என்று பாட்டியிடம் கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். பெரியவர்களைக் கேட்காமல் எந்த இலையையும் வாயில் வைக்கக் கூடாது. ஒன்றைப் போலவே தோன்றும் விஷச்செடிகளும் உண்டு.

காலி மனைகளில் வீடுகள் எழும்பும்போது தும்பையும் நொச்சியும் காணாமல் போகின்றன. பெயர் தெரியாத செடி போனால் யாரும் தேடுவதில்லை. பெயர் தெரிந்தவர்கள்தான் தேடுவார்கள். அந்தப் பெயர் தெரிந்தவர்களாக நீங்கள் இருங்கள், செல்வங்களே!