கண்ணுக்குத் தெரியாத புகை

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருக்கிறீர்களா? போனவர்களுக்குத் தெரியும். ஒட்டன்சத்திரம் தாண்டிச் சிறிது தூரம் போனால் மலை கண்ணில் படும். கால் வலி பாதி மறந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு லாரி வரும். காய்கறி மூட்டைகளைக் கழுத்து வரை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு ஓடுகிற லாரி. அது முந்திப் போனபின் ஒரு நிமிஷம் மலையும் தெரியாது, முன்னால் போகிற காவடியும் தெரியாது. அவ்வளவு கரும்புகை! "முருகா!" என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அதே சாலையில் இப்போது வேறொரு ஜாதி லாரிகளும் ஓடுகின்றன. எத்தனை பாரம் ஏற்றினாலும் புகை என்று ஒன்றைக் காண முடியாது. இந்த அதிசயம் எப்படி நடந்தது? அதில் எவ்வளவு நிஜம்? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு லாரிகள்

பழனியை அடுத்து, மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். ஒரு காலத்தில் பாளையக்காரர் இருந்து ஆண்ட ஊர். இன்று சிறிய பேரூராட்சி. அங்கே ஒரு டீக்கடை வாசலில் இரண்டு லாரிகள் நின்றிருந்தன. ஒன்று 2008-ஆம் வருஷத்து வண்டி, செங்கல் பாரம். மற்றது 2021-இல் வாங்கியது; தேங்காய் ஏற்றப் போகிறது.

புது லாரியின் டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இது லாரி இல்லைங்க சார், ஆஸ்பத்திரி. மஞ்ச லைட்டு எரிஞ்சா ஒரு மருந்து, செவப்பு லைட்டு எரிஞ்சா ஒரு மருந்து."

பழைய லாரிக்காரர் சிரித்தார். "நம்ம வண்டிக்கு டீசல் ஊத்துனாப் போதும். அதுக்குத் தண்ணியும் ஊத்தணுமாம்ல, தம்பி?"

"தண்ணி இல்லண்ணே, யூரியா!"

சிரிப்புக்கு நடுவே ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பழைய லாரி 'பாரத் ஸ்டேஜ் 2' என்ற சட்ட அளவின்படி செய்யப்பட்டது. புதியது 'பாரத் ஸ்டேஜ் 6'. மின்சார ரசீதில் 'யூனிட்' என்று போடுகிறார்களே, அதே அளவுச் சக்தியை எஞ்சின் உண்டாக்கும்போது எத்தனை கிராம் விஷம் வெளியே வரலாம் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற வாயு பழைய லாரிக்கு 7 கிராம் வரை வரலாம். புதியதற்கு 0.46 கிராம்தான். கரித்தூள் பழையதற்கு 0.15 கிராம், புதியதற்கு 0.01 கிராம். சோதிக்கும் முறை நடுவில் மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் பாருங்கள், செங்கல் லாரி ஒன்று விடலாம் என்று சட்டம் அனுமதித்த விஷத்தைப் பதினைந்து தேங்காய் லாரிகள் சேர்ந்துதான் விட முடியும்!

கோர்ட்டு போட்ட கோடு

இந்த ஏணியின் முதல் படி 2000-த்தில் வந்தது. நாலாவது படியை நாடு முழுவதும் எட்டியது 2017 ஏப்ரல் 1-ந் தேதி. அதற்கு மூன்றே நாள் முன்பு, மார்ச் 29-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது: மூன்றாவது படி வண்டிகளை இனி விற்கவே கூடாது. அப்போது விற்காமல் கிடந்த வண்டிகள் எட்டு லட்சத்துக்கு மேல். அவற்றில் லாரி, பஸ் போன்றவை மட்டும் ஏறத்தாழ 96 ஆயிரம். கம்பெனிகளின் நஷ்டத்தைவிட ஜனங்களின் ஆரோக்கியம் பெரிது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஐந்தாவது படியைச் சர்க்கார் தாண்டியே குதித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நேராக ஆறு. கூடவே டீசலும் மாறியது. செங்கல் லாரி பிறந்த காலத்தில் டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம் இருக்கலாம். இப்போது 10 பங்குதான். இந்தச் சுத்த டீசலைத்தான் பழைய லாரியும் குடிக்கிறது. அந்த மட்டில் அதற்கும் கொஞ்சம் புண்ணியம் சேர்ந்திருக்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் டீசல் புகையை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று நிச்சயமானவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. புகையிலை இருக்கிற வரிசை அது.

யூரியா என்ன செய்கிறது?

டீசல் எஞ்சினில் ஒரு சங்கடம் உண்டு. நெருப்பு நன்றாகச் சூடேறி எரிந்தால் கரி குறையும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் அந்தச் சூட்டில் கூடிக்கொண்டு நைட்ரஜன் ஆக்ஸைடு ஜாஸ்தியாகும். சூட்டைக் குறைத்தால் அந்த வாயு குறையும், கரி ஏறும். ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் புடைக்கிறது.

ஆகையால் புது லாரியில் எஞ்சினுக்கு வெளியே, புகைக் குழாயில் வைத்தியம் செய்கிறார்கள். தேன்கூடு போன்ற ஒரு சல்லடை கரித்தூளைப் பிடித்து வைக்கிறது. கரி நிறைந்ததும் உள்ளேயே சுமார் 600 டிகிரிச் சூடேற்றி எரித்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் வண்டிக்கு இது தானாக நடக்கும். சூளைக்கும் ஊருக்குமாக நாலு மைல் ஓடி ஓடி நிற்கிற வண்டிக்கு நடக்காது, சல்லடை அடைத்துக்கொள்ளும். அந்தச் செலவுதான் சின்ன முதலாளியின் வயிற்றெரிச்சல். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அடுத்தது யூரியா. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். இதைச் சூடான புகையில் தெளித்தால் அம்மோனியா உண்டாகிறது. அது நைட்ரஜன் ஆக்ஸைடைப் பிடித்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றி அனுப்புகிறது. நூறு லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் வரை செலவாகும். நீல மூடி போட்ட தனித் தொட்டி. மறந்துபோய் இதை டீசல் தொட்டியில் ஊற்றினவர்கள் உண்டு; பம்பும் இஞ்செக்டரும் கெட்டுப் பெரும் பணம் அழுதார்கள்.

வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று சிலருக்கு யோசனை வருகிறது. வேண்டாம்! விவசாயத்துக்கு வருகிற யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே விற்கிறார்கள். பயிருக்கு நல்லது, லாரியின் தெளிப்பானையும் அதன் பின்னால் உள்ள விலையுயர்ந்த வினையூக்கியையும் பாழாக்கிவிடும்.

வெளிச்சம் பார்க்காதது

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறோம். யூரியா தீர்ந்தால் லாரியின் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். கேட்காவிட்டால் எஞ்சினின் வலுவைக் குறைக்கும். அதையும் மீறினால் வண்டி நத்தையாக ஊரும். டிரைவருக்குத் தப்ப வழியில்லை என்று நினைக்கிறீர்களா? 'எல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி சந்தையில் நடமாடுகிறது. அதை மாட்டிவிட்டால் யூரியாச் செலவு மிச்சம்.

இது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. ஆனால் கண்டுபிடிப்பது யார்?

லாரியின் புகைச் சோதனைக் கருவி எப்படி வேலை செய்கிறது தெரியுமா? புகையின் ஊடே வெளிச்சத்தை அனுப்பி, எவ்வளவு மறைகிறது என்று அளக்கிறது, அவ்வளவுதான். முழுக்க மறைந்தால் நூறு. செங்கல் லாரிக்கு 65 வரை மன்னிப்பு உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடோ, குழாயிலிருந்து வரும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, வெளிச்சத்தையும் மறைப்பதில்லை. ஆகவே யூரியாவே ஊற்றாத புது லாரி, அந்தச் சோதனையில் கம்பீரமாகத் தேறிவிடும்! ஆறாவது படி எந்த வாயுவுக்காக இத்தனை பாடுபட்டதோ, அதை அளக்கும் கருவியே அந்த நிலையத்தில் இல்லை.

இருக்கிற கருவியையாவது ஒழுங்காக வைக்கிறார்களா? நான் ஒரு நண்பரின் வண்டியோடு ஒரு சோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கச் சொல்லுவார்கள் என்று நண்பர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார்கள், பணம் வாங்கினார்கள், சீட்டு வந்துவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் மாட்டிக்கொண்டால் அபராதம் ரூ. 10,000 வரை! சீட்டுக்குப் பயப்படுகிறோம், புகைக்குப் பயப்படுவதில்லை.

நம் ஊர் மெக்கானிக்கைத்தான் குறை சொல்லுகிறோம் என்று நினைக்க வேண்டாம். பெரிய இடத்துப் பிள்ளைகளும் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998-இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ உள்ளிட்ட ஏழு டீசல் எஞ்சின் கம்பெனிகள் மீது சர்க்கார் புகார் கொண்டுவந்தது. சோதனைச் சாலையில் எஞ்சின் உத்தமன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் டைமிங்கை மாற்றி, டீசலை மிச்சம் பிடித்து, நைட்ரஜன் ஆக்ஸைடைக் கொட்டியது. அபராதமாக மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர் கட்டி ஏழு கம்பெனிகளும் சமாதானம் செய்துகொண்டன. 2025 ஜனவரியில் ஜப்பானின் ஹினோ லாரிக் கம்பெனியும் எஞ்சின் சோதனைக் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புது லாரி செய்கிறவர்கள், அளக்கும் கருவியை வண்டியிலேயே கட்டிச் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் அது தயாரிப்பாளருக்கு உள்ள விதி. விற்ற பிறகு, மூன்றாவது கை மாறிய பிறகு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நிற்கிற லாரியை அப்படி யார் அளக்கிறார்கள்? அந்தக் கருவியை மாவட்டத்துக்கு ஒன்றாவது வைத்து, பத்து வண்டிக்கு ஒரு வண்டி சோதித்தால் பொய்ப்பெட்டி வியாபாரம் படுத்துவிடும் என்பது என் எண்ணம்.

பாலசமுத்திரத்தில் டீ குடித்து முடித்தாயிற்று. செங்கல் லாரிக்காரருக்கு அடுத்த மாதம் எப்.சி. வருகிறதாம். "பம்பைக் கொஞ்சம் எறக்கி வெச்சுக் காட்டிட்டு, அப்புறம் ஏத்திக்குவோம் சார்" என்றார், ஒளிவு மறைவில்லாமல். எறக்கினால் மலையடிவாரத்து ஏற்றத்தில் பாரம் இழுக்காதே, என்ன செய்வது என்று அவரே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. புது லாரியின் கிளீனர்ப் பையன் இருபது லிட்டர் வாளியைத் தூக்கி வந்து, நீல மூடியைத் திறந்து, சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தான்.