கொழுந்துக்கூடையில் விழுந்த வரி

இலங்கையில் 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வருமான வரியும் நீக்கப்பட்டது. ஊவா மலைநாட்டின் பசறை, ஹாலிஎல, நமுனுகுல தோட்ட லயங்களில் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர் அரிது. ஆகவே அந்தச் சலுகையின் பெரும்பங்கு மலைக்கு ஏறவில்லை. அரசின் வரி வருமானமோ கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2020இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதமளவுக்கு விழுந்தது. கடன் தரமதிப்பு இறங்கி வெளிநாட்டுச் சந்தை கதவடைத்தது. துண்டு விழுந்த தொகையை மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கி நிரப்பியது, அதாவது பணம் அச்சடித்தது. பாராளுமன்றத்தில் யாரும் கை உயர்த்தாத வரி ஒன்று, பணவீக்கம், அப்போதுதான் பிறந்தது. அதைக் கூடுதலாகக் கட்டியவர்களில் ஊவாத் தோட்டத் தொழிலாளரும் உண்டு என்பதே என் வாதம்.

அமெரிக்காவும்தானே அச்சடித்தது என்று கேட்கலாம். அமெரிக்கா பட்ட கடன் அதன் சொந்த நாணயத்தில். இலங்கை டாலரில் பட்டிருந்தது. ரூபாய் எவ்வளவு அடித்தாலும் டாலர் பிறக்காது. 2022 மார்ச்சில் ரூபாயை அவிழ்த்துவிட்டதும் 200 ரூபாயளவில் இருந்த டாலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன. டாலரில் விற்கும் தேயிலைக்கு கொழும்பு ஏலத்தில் ரூபாய் விலை அந்த ஆண்டு ஏறத்தாழ இரு மடங்கானது. ஆனால் 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபாய் நாட்சம்பளம், அதுவும் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), அசையவில்லை. ஐந்து டாலர் பெறுமதியான கூலி மூன்றுக்கும் கீழே போயிற்று. ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மாவின் விலை மட்டும் பல மடங்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது.

தோட்டக் கம்பனிகளும் நொந்தன என்பது பொய்யல்ல. 2021இன் இரசாயன உரத் தடையும் டீசல் தட்டுப்பாடும் தேயிலை உற்பத்தியை 29.9 கோடி கிலோவிலிருந்து 25.1 கோடிக்கு இறக்கின. ஆனாலும் ஏல விலை வாராவாரம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கூலி 1,350 ஆக 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த கட்டணம் 2023இல் வந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. தொழிலாளரின் சேமிப்பு இருக்கும் ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகள் 2025 வரை 12, அதன்பின் 9 சதவீத வட்டி தரும் முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் நிதியத்தின் முறி வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்ற நிபந்தனை வேறு. வங்கி விழுந்தால் வைப்பாளர் எல்லோரும் விழுவார்கள் என்ற அரசின் பதிலில் நியாயம் இருக்கிறது. பணவீக்கம் பின்னர் இறங்கியதால் 9 சதவீதம் அவ்வளவு மோசமுமில்லை. இருந்தும் சேமிப்பின் பெறுமதியை 2022இன் பணவீக்கம் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது. அதற்கு ஈடு எதுவும் பேசப்படவில்லை. அந்த நிதியத்தை நிர்வகிப்பதும் அதே மத்திய வங்கிதான்! அரசுக்காக அச்சடிப்பதை 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இப்போது தடுக்கிறது. வருமானத்தைத் தேடி 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. பதுளைக் கடையில் சவர்க்காரம் வாங்கும் தொழிலாளியும் தோட்ட முகாமையாளரும் அதை ஒரே வீதத்தில்தான் கட்டுகிறார்கள்.