கம்ப்யூட்டருக்கு ரேம் போடப் போகிறீர்களா?

ஏழெட்டு வருடமாக உழைக்கும் மேசைக் கம்ப்யூட்டர் இப்போது திணறுகிறது. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே மவுஸ் நகர மாட்டேன் என்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் "ரேம் போடுங்க" என்கிறார்கள். போடலாம். ஆனால் குறை ரேமில்தானா என்பதைச் செலவில்லாமல் நீங்களே முதலில் பார்த்துவிடலாம்.

ரேம் என்பது என்ன? நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு (வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் நினைவகம்) வந்த பிறகுதான் ஓடும். ரேம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் திணறல்.

உங்கள் கம்ப்யூட்டரில் அதுதான் நடக்கிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் (எந்த புரோகிராம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் திரை) வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. வழக்கமான வேலையைச் செய்துகொண்டே இதைக் கவனியுங்கள். 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள்.

மெமரி 50 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ஐத் தொட்டு நிற்கிறதா? அப்படியானால் ரேம் வாங்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். இந்த நிலையில் எத்தனை ஜிபி ரேம் சேர்த்தாலும் பலன் தெரியாது.

எவ்வளவு போதும்? விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி குறைந்தபட்சம் என்கிறார்கள். அது ஓடுவதற்கான அளவு, நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு அல்ல. பிரவுசர், கணக்கு, ஆன்லைன் வகுப்பு என்றால் 8 ஜிபி. படம், வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள் என்றால் 16. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் ரேம் விலை வெகுவாக ஏறியது. பின்னால் உதவும் என்று 32 வாங்கிப் போட இது நேரமல்ல.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பகுதியில் 32-பிட் என்று இருந்தால், 8 ஜிபி போட்டாலும் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. முதலில் 64-பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும்.

எந்த ரேம் பொருந்தும்? பலர் ஏமாறுவது இங்கேதான். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றுக்கான இடத்தில் இன்னொன்று ஏறாது. ரேமின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். பழைய ரேமின் ஸ்டிக்கரில் பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமும் வகையைக் காட்டும். அதில் வேகம் பாதியாகத் தெரியும்: 2666 ரேம் 1333 என்று வரும். பயப்பட வேண்டாம், அது காட்டும் முறையே அப்படி.

ஸ்லாட் (ரேம் செருகும் நீளமான இடம்) காலியாக இருக்கிறதா என்பதையும் டாஸ்க் மேனேஜரே சொல்லும். இரண்டில் ஒன்று காலி, இருப்பது 4 ஜிபி என்றால், இன்னொரு 4 ஜிபி சேர்ப்பதே சிக்கனம். ஒரே அளவில் இரண்டு ரேம் இருந்தால் பிராசஸர் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும்; தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வேகம் வேறானால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். கம்பெனி வேறானாலும் பெரும்பாலும் சேர்ந்து ஓடும், ஆனால் உறுதியில்லை. ஆகவே பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று முன்பே கேளுங்கள்.

விலை சந்தேகப்படும்படி குறைவா? சர்வர் ரேமாக இருக்கலாம். ரெஜிஸ்டர்டு என்று எழுதியிருந்தால் அது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடாது. உள்ளங்கை அளவுக் குட்டி டெஸ்க்டாப்புகளுக்கோ பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் பொருந்தும்.

நாமே மாட்டலாமா? தாராளமாக. ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தினால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். கேபினெட்டைப் படுக்க வைத்து, அதன் வர்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்காமல் இருக்க இது தேவை. ரேமின் ஓரத்தைப் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது. கிளிப்பைத் திறந்து, ரேமின் வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் சேர்கிறதா என்று பார்த்து, இரு முனையையும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று கிளிப் தானே மூடும். கொஞ்சம் பலம் வேண்டும். ஆனால் வெட்டு பொருந்தாமல் ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

நான்கு ஸ்லாட் இருந்தால் எந்த இரண்டு? பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆன் செய்ததும் திரை கறுப்பாக இருந்தாலோ பீப் சத்தம் வந்தாலோ பதற வேண்டாம். பெரும்பாலும் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றி மறுபடி அழுத்துங்கள். டிடிஆர்5 என்றால் முதல்முறை சில நிமிடம் திரை வராமலே இருக்கலாம். இடையில் அணைத்துவிடாமல் காத்திருங்கள். 8 ஜிபி போட்டும் பயன்படக்கூடியது 7.8 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. திரையில் படம் காட்டுவதற்கென்று கம்ப்யூட்டர் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்கிறது.

கடைசியாக, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி அந்தச் சோதனையை ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை வைத்துக்கொள்ளாதீர்கள். பழுதான ரேம் நீங்கள் சேமிக்கும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். பில்லோடு மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.